கத்தரிப்பூ நிறத்தில் ஒரு கடைவாய்ப்பல்

நாத்தனார் அனுப்பிய பார்சலில்
முறுக்கெல்லாம் மாவாகிப் போயிருந்தது.
கடல் தாண்டியும் கலையாமல் வந்தவை
பொருள்விளங்கா உருண்டைகள் மட்டும்.
ஒன்றைக் கடித்தேன்.
உடைந்தது உருண்டை இல்லை.

அதன்பிறகு சாஸ்கட்டூனின் ஜனவரி
நேராக என் வாய்க்குள் வரத் தொடங்கியது.
மைனஸ் முப்பத்தொன்றில்
பள்ளிப் பேருந்தின் கதவைத் திறந்து
குட் மார்னிங் சொல்லும் ஒவ்வொரு முறையும்
கீழ்த்தாடையில் யாரோ ஊசி கோத்தார்கள்.
இருபத்திரண்டு நிறுத்தங்கள்.
மூன்றாம் நாளிலிருந்து தலையை மட்டும் ஆட்டினேன்.
டிரைவருக்குக் கோபம் என்று
பின்சீட்டு வரை செய்தி போய்விட்டது.

டாக்டர் கோவல்ச்சுக் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள்.
விரிசல் பழசு.
தின்பண்டத்தின் மேல் குற்றமில்லை,
சம்பவ இடத்தில் அகப்பட்டுக்கொண்டது, அவ்வளவுதான்.
"ராத்திரியில் பல்லைக் கடிப்பீர்களா?"

அவர் வடக்கே யுரேனியம் சுரங்கத்தில் இரண்டு வாரம்,
வீட்டில் இரண்டு வாரம்.
வீட்டிலிருக்கும்போது குறட்டை.
இல்லாதபோது, நான் கடிப்பதைக் கேட்க
ஹீட்டர்தான் உண்டு.

பல்லைக் கடித்துக்கொண்டு இரு.
அம்மா சொன்னது, மாமியார் சொன்னது,
விசா இழுத்தடித்த வருஷம்
டொராண்டோ சித்தப்பா போனில் சொன்னது.
அது எங்கள் மொழியில் ஆறுதல் என்பதையும்
அதை எழுத்துப் பிசகாமல் நான்
கடைப்பிடித்துவிட்டேன் என்பதையும்
இங்கிலீஷில் எப்படிச் சொல்ல?
"சில சமயம்" என்றேன்.

ஆயிரத்து எழுநூற்று நாற்பது டாலர்.
பாதியைக் காப்பீடு தரும், அநேகமாக.
அந்த அநேகமாகவை மட்டும்
மெதுவாகச் சொன்னார்கள்.

ஊசி போட்டபின் பாதி நாக்கு என்னுடையதில்லை.
பெயர் சரிபார்க்க வந்த மரிட்டெஸிடம்
குழலி என்று சொல்லப் பார்த்தேன்.
ழகரம் வழுக்கி உதட்டோரம் ஒழுகியது.
துடைத்துவிட்டாள்.

சுற்றிலும் செதுக்கிச் செதுக்கி
மிஞ்சியது ஒரு முளை,
சீவித் தேய்ந்த பென்சில் மாதிரி.
அதற்குத்தான் மகுடமாம்.
ராஜாக்களையும் இப்படிப்
பாதியாக்கிவிட்டுத்தான் முடி சூட்டினார்களா, தெரியவில்லை.

மூலையில் ஒரு இயந்திரம்.
மீன்தொட்டி போலக் கண்ணாடிச் சன்னல்,
உள்ளே தண்ணீர் பீய்ச்சப் பீய்ச்ச
இரண்டு ஊசிகள் ஒரு கட்டியைக் கடைந்தன.
பதிமூன்று நிமிடம்.
கத்தரிப்பூ நிறத்தில் வெளியே வந்தது
என் கடைவாய்ப்பல்.

முழித்தேன்.
சூளையில் வைத்தால் வெளுத்துவிடும் என்று சிரித்தாள் மரிட்டெஸ்.
இப்போது அளவு பார்க்க மட்டும்.

கண்ணாடி கேட்டேன்.
நாற்பத்தாறு வருஷத்து டீக்கறைக்கு நடுவே
அந்த ஊதா,
துக்கவீட்டுக்குப் பட்டுடுத்தி வந்துவிட்டவள் போல,
வந்தபின் வெட்கப்படவும் செய்யாமல்.
இப்படியே இருக்கட்டுமே என்று சொல்ல
நாக்கு ஒத்துழைக்கவில்லை.
அதற்குள் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

புதுசு என்று தெரியாதிருக்க
மேலே கொஞ்சம் பழுப்பு பூசினார்கள்.
நிறப்பட்டையில் நான் ஏ மூன்றரை.
அப்புறம் நீலத்தாளை நடுவில் வைத்து
கடியுங்கள், இன்னும், நன்றாக என்றார்கள்.
பல்லைக் கடிக்கச் சொல்லி
இத்தனை மரியாதையாக யாரும் கேட்டதில்லை.

மறுநாள் காலை, பதினேழாவது நிறுத்தம்.
டெஸ்மண்ட், இரண்டாம் வகுப்பு,
முன்வரிசை ஓட்டையைத் திறந்து காட்டினான்.
தலையணைக்கடியில் இரண்டு டாலர் கிடைத்ததாம்.
"எனக்கும் ஒண்ணு புதுசு. எது சொல்லு?"
வாயைத் திறந்தேன்.
குளிர் உள்ளே வந்தது, சுற்றிப் பார்த்தது,
ஒன்றும் செய்யாமல் போனது.

அவன் கையுறையைக் கழற்றிவிட்டு
எட்டிப் பார்த்து
ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே போனான்.
பின்னால் நின்ற பிள்ளைகள் தள்ளினார்கள்.
இருமுறை எண்ணினான்.

"எல்லாமே பழசுதான்" என்றான்.

ஏறு, ஏறு.
கதவைச் சாத்தணும்.